கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு

போன செவ்வாய்க்கிழமை என் மடியில் கனமான பை ஒன்று வந்து உட்கார்ந்தது. பூந்தமல்லியில் பஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது. நின்றிருந்த ஒரு அம்மா, "கொஞ்சம் வச்சிக்கோங்க சார்" என்று கொடுத்துவிட்டார். நம் பஸ்ஸில் இது சகஜம்தானே.

ஆனால் பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே ஒயர்ச் சுருள், ஸ்க்ரூ டிரைவர், துணியில் சுற்றிய பல்புகள்... நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

"எலக்ட்ரிக் கடைங்களா?"

"இல்ல சார். காது கேக்காத பசங்க மத்த பசங்களோட சேர்ந்து படிக்கிற எடத்துக்கெல்லாம் போவேன். அங்க அவங்களுக்கு எது தோதுப்படலையோ, அதுக்கு எதையாவது மாட்டி வைப்பேன்."

பெயர் வசுமதி. அந்த வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "இன்னும் வைக்கல" என்றார்.

பெயரில்லாத ஒரு வேலை தண்டலத்தில் இறங்கியது. காஞ்சிபுரத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்த நானும் இறங்கிவிட்டேன்.

தகரக் கூரை போட்ட தொழிற்பயிற்சிப் பள்ளி. இரும்பைக் கடையும் லேத் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்க, இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுகிறது. எண்ணெய் வாசனை. பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

கடைசி லேத்தில் சாலமன். சுங்குவார்சத்திரத்துப் பையன். பிறவியிலேயே காது கேட்காது. லேத் ஓட்டும் டர்னர் ஆக வேண்டும் என்பது ஆசை. சேர்ந்த நாளிலிருந்து மெஷினைத் துடைக்கத்தான் விட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் ஓட்ட விட்டிருந்தார் மாஸ்டர்.

மாஸ்டரின் பயமும் நியாயமானதே. ஏதாவது ஆபத்தென்றால் பெல் அடிப்பார்கள். அடித்த உடனே எல்லா மெஷினும் நிற்க வேண்டும். "பெல் கேக்காதவன லேத்துல நிக்க வச்சி, நாளைக்கு எவன் கையாவது போச்சின்னா நான்தானே மேடம் பதில் சொல்லணும்? இன்னிக்கி பெல் அடிக்கச்சொல்ல அவன் நிறுத்தலைன்னா ஃபிட்டர் கிளாஸுக்கு மாத்திடுவேன். அங்க அரத்த வச்சி ராவிக்கினு கெடக்கட்டும்."

வசுமதி முந்தின வாரமே கதவுக்கு மேலே சிவப்பு பல்பு ஒன்று மாட்டியிருந்தார். பெல் அடித்தால் அதுவும் எரியும். சாலமனுக்கும் சைகையில் சொல்லியாகிவிட்டது.

மாஸ்டர் கதவோரம், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்று பெல்லை அமுக்கினார். வழக்கம்போல் கையையும் வீசினார். பல்பு எரிந்தது. லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன.

சாலமனுடையது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாத்துக்கினீங்களா மேடம்?" என்றார் மாஸ்டர்.

சாலமன் நிமிர்ந்தான். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தான். மெஷினை நிறுத்திவிட்டுத் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டான்... அந்தத் துணியை என்னால் பார்க்க முடியவில்லை.

வசுமதி வாதாடவில்லை. நேரே போய், அவன் நின்ற இடத்தில், அவனைப் போலவே குனிந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டார். "நீங்களும் நில்லுங்க சார். பல்பு தெரியுதா?"

நின்றேன். கண் தன்னால் கீழே போகிறது... சுழலும் இரும்பும் அதை உரிக்கிற உளியும் சந்திக்கிற அந்த ஒரு பொட்டு இடத்துக்கு. அதைவிட்டு நிமிர்ந்தால் விரல் போகும். கதவு வேறு ஊரில் இருக்கிறது.

"வாசல்ல நின்னு பாத்து மாட்டிட்டேன்" என்றார் வசுமதி. "வாசல்ல நிக்கிறவங்களுக்கு நல்லாத் தெரியுது."

யோசித்துப் பாருங்கள்... நாம் செய்கிற உதவிகளில் எத்தனை இப்படி வாசலில் நின்று மாட்டியவை?

"இன்னா மேடம், மறுபடியும் பல்பா?" என்று மாஸ்டர் சலித்துக்கொண்டார். இந்த முறை புது பல்பு இல்லை. வேலை தெரிவதற்காக லேத்தின் மேலேயே வளைந்து நிற்கும் விளக்கு இருக்கிறதே, அதற்கு பெல்லிலிருந்து ஒயர் இழுத்தார். பெல் அடித்தால் அந்த விளக்கு மினுக்கும். உளி மேல் விழுகிற வெளிச்சமே துடிக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி மெஷின்கள் ஓடின. மாஸ்டர் கறாரான மனிதர். பரீட்சை என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று, சத்தம் காட்டாமல் கதவோரம் போய் பெல்லை மட்டும் அமுக்கினார். கையை வீசவில்லை.

சாலமனின் விளக்கு துடித்தது. உளியைப் பின்னால் இழுத்தான். லேத் நின்றது.

மற்ற எல்லா லேத்துகளும் ஓடிக்கொண்டிருந்தன.

மாஸ்டர் அமுக்கிய விரலை எடுக்கவே இல்லை. சாலமன் சுற்றிப் பார்த்தான். பக்கத்து லேத்துக்காரனின் தோளைத் தட்டி விளக்கைக் காட்டினான். அவன் நிறுத்தினான். அவனைப் பார்த்து அடுத்தவன்... அப்படியே முன்வரிசை வரை.

"ஏன்டா, உங்களுக்கு இன்னாடா கேடு? பெல்லு காதுல வியல?"

"இந்த இரைச்சல்ல பெல்லு எங்க கேக்குது மாஸ்டர்?" என்றான் முன்வரிசைக்காரன். "நீங்க கைய ஆட்டுவீங்க. அத எவனாச்சும் பாத்து நிறுத்துவான். அவன பாத்து நாங்க நிறுத்துவோம்."

மாஸ்டர் கடைசி லேத் வரை நடந்து வந்தார். சாலமனின் துடைக்கிற துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வசுமதியைப் பார்த்து, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்:

"மேடம், ஒயரு மிச்சம் கீதுங்களா? காது கேக்கிற பசங்களுக்கும் இழுத்துடுங்க."