நான் தேடின பாறைக்கு ஸ்டெல்லா போறா

இன்னிக்குக் காலைல விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் வர்ற பஸ்ல ஸ்டெல்லா எனக்கு முன்சீட்டுல உக்காந்திருந்தா. போன வருஷம் பாண்டிச்சேரியில நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கடலுக்கடியில டைவிங் கத்துக்கினோம்.

"ஏய், அடுத்த வாரம் நாங்க நாலு பேரு கன்னியாகுமரி பக்கம் போறோம்டி. படகு கிடையாது, கரையிலேர்ந்தே கடல்ல எறங்குறோம்"னு போனை நீட்டினா.

மேப்புல இருந்தது நான் கண்டுபிடிச்ச இடம்.

அங்க ரோடு கிடையாது. சிலிண்டரத் தூக்கிக்கினு ஒரு மணி நேரம் பாறை மேல நடக்கணும். ஆறு மாசமா அந்த ஊர் மீனவர் ஒருத்தர்கிட்ட போன்ல கேட்டுக் கேட்டு வழிய எழுதி வச்சவ நான். அவகிட்ட ஆசையா காட்டினதும் நான்தான்.

வயிறு எரிஞ்சுது. சிரிச்சுக்கினே "சூப்பர்டி"ன்னேன்.

"எறங்குன பாறையிலயே திரும்ப ஏறிடலாம் இல்ல?"ன்னு கேட்டா.

தெரியாதுன்னு சொல்லிடலாமான்னு யோசிச்சேன். சத்தியமா யோசிச்சேன்.

அப்புறம் சொன்னேன். "முடியாதுடி. பத்து மணிக்கு மேல அலை ஆளைத் தூக்கிப் பாறையில அடிக்கும். வடக்கால சின்ன மணல் கரை இருக்கு, அதுவரைக்கும் நீந்திப் போய்த்தான் ஏறணும்."

அவ முகமே மாறிடுச்சு. "இது எங்க யாருக்கும் தெரியாதுடி. நீயும் வாயேன், கார்ல எடம் இருக்கு"ன்னா.

"எனக்கு நிறைய வேலை இருக்கு"ன்னு கெத்தா சொல்லிட்டு திண்டிவனத்துல எறங்கிட்டேன்.

இதுவரைக்கும் அவ மறுபடி கூப்பிடல. மானம் போகாம அந்த 'வேலை இருக்கு'ங்கறதை வாபஸ் வாங்கறது எப்படின்னு யாராவது ஜல்தியா சொல்லுங்களேன்.