கொரிய ஊதுபத்தியின் வாசனை

காய்ச்சல் வந்து போனதிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. அம்மா இறந்து ஓராண்டு ஆகியிருந்த சமயம் அது. மாடம்பாக்கம் வீட்டில் நான் மட்டும்தான். அடுப்பில் பால் தீய்ந்தால், புகை கூடத்துக்கு வந்த பிறகுதான் ஓடுவேன். அம்மாவின் புடவையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். வெறும் துணியாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "அவ்வளவுதானே" என்பார்கள்.

காட்டாங்குளத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்குக் கொரிய மொழி கற்பிக்கும் பெண்மணி ஒருவர் வருவார். ஊர் திரும்பும்போது எனக்கு ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தார். உள்ளே ஊதுபத்திகள். நடுவில் மூங்கில் குச்சி இல்லாமல், தொட்டால் ஒடிந்துவிடும் போல இருந்தன. ஒன்றை ஏற்றிவைத்து, அது எரிந்து முடியும்வரை தியானத்தில் உட்காருவாராம். மூக்கு வேலை செய்யாததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டம்ளரில் அரிசி நிரப்பி, ஒன்றை ஏற்றி நட்டுவைத்து எதிரே உட்கார்ந்தேன். மனம் அடங்கவில்லை. சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும், மோட்டார் சத்தம் போடுகிறது என்று ஓடிக்கொண்டே இருந்தது. பாதி எரிந்திருக்கும், யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண். அதுவரை பார்த்தால் சிரிப்பதோடு சரி.

"அக்கா, இன்னாவோ கருகுற மாதிரி இருந்துச்சு. போன வாரமும் பால் தீஞ்சுதே, அதான் வந்தேன்."

"ஊதுபத்திதாம்மா. கொரியாவுலேருந்து வந்தது."

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. நம்ம பத்தி மாதிரி தூக்கலா இல்ல."

"எப்படி இருக்கு, சொல்லேன். எனக்கு வாசனையே தெரியாது. ரெண்டு வருஷமாச்சு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே வந்து டம்ளர் பக்கத்தில் குனிந்தாள்.

"பென்சில் சீவுனா வருமே, அது. மழையில நனைஞ்ச மரக்கதவு மாதிரியும் கீது. கடைசில லேசா ஒரு கசப்பு." மறுபடியும் குனிந்தாள். "சந்தனம் கொஞ்சூண்டு கீதுக்கா."

அம்மா போனபின் யாரும் எனக்காக இவ்வளவு பொறுமையாக எதையும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னேன்.

"அடுப்புல சோறு கீதுக்கா, இன்னொரு நாள் வரேன்."

மீதிப் பத்தி எரியும்வரை கண்ணை மூடிப் பென்சில் சீவலைத் தேடினேன். எதுவும் வரவில்லை. ஆனால் வேறு எதுவும் ஓடவும் இல்லை.

பெட்டி தீரும்வரை ஞாயிறுதோறும் உட்கார்ந்தேன். கதவைத் தாழிடாமல் வைப்பேன். அவள் வரவில்லை; நானும் போய்க் கூப்பிடவில்லை. கோடையில் அவர்கள் கூடுவாஞ்சேரிக்குக் குடிபோனார்கள். சாமான் வண்டி வந்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். திரும்பியபோது அந்த வீடு பூட்டியிருந்தது.