அரைப் பேர்

அந்த ஜனவரியில் எங்கள் தோட்டப் பாடசாலைக்கு முதலாம் ஆண்டில் ஐந்து பிள்ளைகள் வேண்டியிருந்தது. ஐந்து தேறாவிட்டால் அந்த வகுப்பையே எடுத்துவிட்டு, பிள்ளைகளைப் பதுளைக்கு பஸ் ஏற்றச் சொல்லிவிடுவார்கள். டிசம்பர் விடுமுறை முழுக்க ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கினேன். என்னைக் கண்டாலே, "டீச்சர் புள்ள புடிக்க வந்துட்டாங்க" என்று சிரிப்பார்கள்.

முதல் நாள் நாலு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கடைசி லயத்துச் சிறுமியை மட்டும் காணோம். அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவள். "கட்டாயம் கூட்டிட்டு வர்றேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவள். டவுனில் சேர்த்துவிட்டாள் என்றே முடிவு கட்டினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கரும்பலகையில் 'அ' எழுதிக்கொண்டே அவளை மனதுக்குள் வறுத்தெடுத்தேன். வரவு இடாப்பில் ஐந்தாவது பெயருக்கான வரி சும்மா கிடந்தது.

இடைவேளைக்கு மணி அடித்த பிறகு இருவரும் படியேறி ஓடிவந்தார்கள். மகள் வெள்ளைச் சீருடையில், பவுடர் அப்பிய முகத்தோடு. அம்மா இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், மலையிலிருந்து நேரே வந்திருந்தாள்.

"காலைல வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல கங்காணிகிட்ட கேட்டேன், வுடல டீச்சர். மொத கொழுந்து நிறுவை முடிஞ்சுதான் ஓடியாறேன்" என்று மூச்சு வாங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புள்ளைக்கு அரைப் பேராவது போட்டுருங்க."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்பார்கள். நேரம் பிந்தினாலோ, மழையில் வேலை நின்றாலோ, கொழுந்து குறைந்தாலோ அரைப் பேர்தான், பாதிக் கூலி. நமுனுகுல தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு அந்தச் சொல் புதிதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அரைப் பேர் கேட்டது அன்றுதான். சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு வெட்கமாகவும் இருந்தது. காலையிலிருந்து இவளையா திட்டிக்கொண்டிருந்தேன்?

"இங்க அரைப் பேரெல்லாம் இல்ல தங்கச்சி. எப்ப வந்தாலும் முழுப் பேருதான்."

"மழை பேஞ்சாலுமா?"

"மழை பேஞ்சாலும்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஐந்தாவது வரியில் மகளின் பெயரை நான் எழுதி முடிக்கும்வரை இடாப்பை எட்டிப் பார்த்தபடியே நின்றாள். பிறகு மகளின் தலையைத் தடவிவிட்டு மலைப் பக்கம் திரும்பினாள்.

"வெயில்ல ஓடியாந்திருக்க, கொஞ்சம் இருந்துட்டுப் போயேன்" என்றேன்.

"இல்லீங்க டீச்சர், போகணும். இன்னைக்கி எனக்குத்தான் அரைப் பேரு" என்றாள். "அவளுக்கு முழுசா வுழுந்துருச்சில்ல, அது போதும்."