புஷ்பலதா கையெழுத்துப் போடாத வாரம்

செவ்வாய்க்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் பசியாறிக்கொண்டிருந்தபோது புஷ்பலதாவின் தம்பி அழைத்தார். "அண்ணே, அக்கா போயிட்டாங்க." பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கிள்ளானில் அவர்களின் துக்க வீட்டுக்குப் போனேன்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் நாங்கள் ஒன்பது ஆண்டுகள் அருகருகே வேலை பார்த்தோம். நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புக்கு மென்பொருள் எழுதுபவன் நான். அதைச் சோதித்து, அனுப்பலாம் என்று கையெழுத்துப் போடுபவர் அவர்.

முதல் தொகுதிப் பம்புகள் மருத்துவமனைக்குப் போகவிருந்த வாரம், சோதனை மேசையில் ஒரு பம்பு திடீரென்று நின்றது. மறுபடி இயக்கியதும் ஓடியது.

"ஒரே தடவதானே புஷ்பா. கேபிள் லூஸா இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை லோரி வருது லா," என்றார் மேலாளர்.

"நோயாளி கையில ஊசி இருக்கறப்ப ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்க முடியாது பாஸ். காரணம் தெரியாம நான் சைன் பண்ண மாட்டேன்."

இரண்டு நாள் தேடினார். பிறகு என் நாற்காலியைத் தன் திரைப்பக்கம் இழுத்தார். "குமார், பம்புல அறிக்கை அச்சடிக்கிற புரோகிராமை யார் தொடங்கி வைக்கிறா?"

"பம்பை ஓட்டுற புரோகிராம்தான். ஆனா அதிகாரமே இல்லாத வேற யூசர் பேருல ஓட விட்டிருக்கேன். மோட்டாரைத் தொடவே முடியாது," என்றேன். அந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"பேர மாத்திட்ட. கையில இருந்தத வாங்கினியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது, மோட்டார் போன்ற சாதனங்களோடு தான் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளும் அதோடு போய்விடும். உனக்கு அனுமதி உண்டா என்று இயங்குதளம் கேட்பது இணைப்பைத் திறக்கும்போது மட்டும்தான். திறந்தபடியே கைமாறியதை அது மறுபடி கேட்பதில்லை. அச்சு நிரல் தன் பிழைக்குறிப்பைத் தவறுதலாக மோட்டாரின் இணைப்பில் எழுதியிருக்கிறது. புரியாத எழுத்துகள் வந்ததும் மோட்டார் நின்றுவிட்டது.

திருத்தம் ஒரே வரிதான்: புதிய நிரல் தொடங்கும்போது மோட்டார் இணைப்பு அதற்குப் போகாமல் மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும் என்றார் புஷ்பா.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவர் காரணத்தை விளக்கினார். என் பெயரைச் சொல்லவில்லை. "இதை எழுதினது யாரு?" என்று மேலாளர் கேட்டார். புஷ்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான்," என்றேன்.

மேலாளர் தொலைபேசியை எடுத்து, லோரியை இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த இரண்டு வாரமும் புஷ்பா ஒரு சோதனையைக்கூட விடவில்லை. பம்புகள் போய்ச் சேர்ந்தன. அதன்பின் ஒன்றுகூட அப்படி நிற்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், "சொன்னதுக்கு அப்புறம் உயிரோடதானே இருக்க? வா, சாப்பிடப் போலாம்," என்று புஷ்பா சிரித்தார்.

இப்போது ஆறு பேர் என் பொறுப்பில் வேலை செய்கிறார்கள். போன மாதம் ஒரு கோளாறு வந்தது. யாரும் கேட்பதற்குள், "இது நான் பண்ணின தப்பு," என்று நானே முதலில் சொன்னேன். புஷ்பலதாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.