கடைசிக் கட்டத்தில் ஒரு கரைவலை

படிக்கிற காலத்தில் என்னால் முடிக்கவே முடியாத கேம் ஒன்று இருந்தது. நடைபிணங்களை வெட்டித் தள்ள வேண்டும். தலை கழன்று விழுந்தால் அவை குனிந்து அதைத் தேடும். பார்த்தாலே சிரிப்பு வரும். போன ஞாயிறு மழைக்கு, அடம்பன் ஊரில் எங்கள் வீட்டில் அதைத் திரும்பப் போட்டேன். வயல்காரன் நான், நெல் அரிகிற மாதிரி முன்னால் நின்றதிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போனேன். கடைசிக் கட்டத்தில் வழக்கம்போல் என்னைச் சுற்றி வளைத்துத் தின்றுவிட்டன.

"இஞ்ச தாங்கோ," என்றாள் மனைவி.

அவள் பேசாலைக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் மீனவரின் மகள். கத்தோலிக்க வேதக்காரப் பெண், சைவக்காரனான என்னைக் கட்டியதால் தகப்பன் அவளோடு கதைப்பதில்லை. அவளும் கடல் என்ற சொல்லையே எடுத்ததில்லை.

அவள் ஒன்றையும் வெட்டவில்லை. கூட்டத்தை அரைவட்டமாகச் சுற்றி ஓடி, இரண்டு பக்கத்தாலும் மெல்ல மெல்ல ஒடுக்கிக்கொண்டு வந்தாள்.

"வெட்டன்!" என்று கத்தினேன்.

"பொறுங்கோ. மடிக்குள்ள வரட்டும்."

கரைவலையையும் இப்படித்தான் அரைவட்டமாக வளைத்து இரு முனையாலும் கரைக்கு இழுப்பார்கள்; மீன் வந்து சேரும் அதன் பையைத்தான் மடி என்பார்கள். எல்லாப் பிணங்களும் மூலையிலிருந்த பெற்றோல் பீப்பாயடியில் நெரிந்து நின்றபோது ஒரே ஒரு வெடி வைத்தாள். திரை வெறுமையாயிற்று.

அவள் போனை எடுத்தாள். மற்றப் பக்கம் எடுத்ததும் சொன்னாள்:

"அப்பா, நான்தான். இண்டைக்கு வலை நிறைய வந்தது."

இவ்வளவு காலமும் அவள் கடலை விட்டுவிட்டு வந்தவள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.