கப்பலுக்கு முன்னும் பின்னும்

கப்பலை ஒரு பின்னேரத்தில் பதிந்து முடித்துவிட்டேன். சௌதாம்ப்டனில் ஏறி, நோர்வேயின் மலைகளுக்கு நடுவே போய்த் திரும்பி, ஏழாம் நாள் அதே சௌதாம்ப்டனில் இறங்குவது. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. படுக்கை, சாப்பாடு, ஊர் எல்லாம் கப்பல்காரர் பொறுப்பு. என் மண்டையைக் காய வைத்தது கப்பலுக்கு முன்னால் நாலு நாளும் பின்னால் மூன்று நாளும்தான்.

சிட்னியில், பரமட்டாவுக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தெட்டு வருடம் ஆப்பரேஷன் பட்டியல் போட்டவள் நான். எந்த டொக்டர், எந்த அறை, யார் முதலில், யாராவது காய்ச்சலோடு வந்தால் அந்த இடத்துக்கு யார் என்பதெல்லாம் என் கையில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு பட்டியல் போட ஒன்றும் இல்லாமல் கை துறுதுறுத்துக்கொண்டே இருந்தது. என் கணவர் பிளாக்டவுன் பக்கம் ஓடும் ரயில்களில் கார்ட்டாக இருந்தவர். நேரம் தவறாமையில் அவர் எனக்கு இளைத்தவர் இல்லை. ஆனால் திட்டம் போடும் வேலையை என்னிடம் விட்டுவிட்டுத் தன் சேட்டுகளுக்கு இஸ்திரி போடப் போய்விடுவார். வேலை நாட்களில் வந்த பழக்கம் அது. இஸ்திரி போடாத சேட்டோடு வாசலுக்கு வெளியே கால் வைக்க மாட்டார்.

இங்கிலாந்துக்கு நாங்கள் அதற்கு முன் மூன்று தரம் போயிருந்தோம். ஆனால் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் லண்டனில் ஹரோ என்ற இடத்தில் இருக்கும் மச்சாளின் வீடுதான். மச்சாள் இவருக்கு, என் கணவருக்கு, ஒரே அக்கா. இரண்டு தரம் கல்யாணத்துக்குப் போனோம். மூன்றாம் தரம், ஏழு வருடத்துக்கு முன், மச்சாளின் கணவருடைய செத்த வீட்டுக்குப் போனோம். மூன்று தரமும் கதை ஒன்றுதான். விடிய நாலரைக்கு மச்சாள் குசினியில் நிற்பார். நாங்கள் எழும்பும்போது புட்டு, மத்தியானம் சோறு, பின்னேரம் றோல்ஸ், இரவுக்கு இடியப்பம். இடையில் கோயில், சொந்தக்காரர் வீடு, அங்கேயும் பலகாரம். கடைசித் தரம், சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் வட்டமாக நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப் பார்க்க ஆசை என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"கல்லுப் பாக்கவோ? அவ்வளவு தூரம் போய்க் களைக்காமல் இருந்து சாப்பிடுங்கோ பிள்ளை" என்றார் மச்சாள்.

இருந்து சாப்பிட்டேன். சிட்னிக்கு வந்து இறங்கும்போது சட்டை இறுக்கமாக இருந்தது, கோபம் அதைவிட இறுக்கமாக இருந்தது.

மச்சாள் லண்டனில் இருக்க நாங்கள் ஹோட்டலில் தங்குவது என்பது எங்கள் ஆட்களில் நடக்காத காரியம். முகத்தில் அடித்த மாதிரி எடுத்துக்கொள்வார்கள். பல வருடம் கதைக்காமல் விட்டவர்களையும் எனக்குத் தெரியும். ஆகவே நான் ஒரு பொய் சொல்வது என்று முடிவு செய்தேன். பொய்யையும் பட்டியல் போட்டே சொன்னேன்.

"மச்சாள், டிக்கெட் அப்பிடித்தான் கிடைச்சது. கப்பல் வெளிக்கிடுற அண்டைக்கு விடியத்தான் லண்டனிலை இறங்குறம். எயார்போட்டாலை நேரை கோச் பஸ் பிடிச்சுச் சௌதாம்ப்டன் போறம். கப்பல் பத்து நாள். திரும்பி வந்து ஒரு இரவு உங்களோடை நிண்டிட்டு வெளிக்கிடுறம்."

உண்மையில் நாங்கள் நாலு நாள் முன்னதாகவே இறங்கிச் சாலிஸ்பரிக்குப் போகிறோம். கப்பல் ஏழு நாள். மிச்ச மூன்று நாள் பாத் நகரத்தில்.

மச்சாள் நாட்களை வாய்விட்டு எண்ணினார்.

"ஒரு இரவுதானோ?" என்றார் மச்சாள்.

"ஓம் மச்சாள். என்ன செய்யிறது."

இவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றார். "வாய் கூசாமல் சொல்லுறீர்" என்றார்.

"அப்ப நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ. இந்தாங்கோ போன்."

வாங்கவில்லை. மெல்பேணில் இருக்கும் மகளிடம் சொன்னபோது, "அம்மா, ஜஸ்ட் டெல் ஹர்" என்று சிரித்தாள். உனக்கு விளங்காது என்று போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்த மாதங்கள். சிட்னிக் குளிரில் ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் ரயில் நேரங்களைப் படித்தேன். சாலிஸ்பரியில் ஆற்றைப் பார்த்த அறை, பாத்தில் காலைச் சாப்பாடு தரும் பழைய கல்வீடு, எந்த ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது, எங்கே சூட்கேசைத் தூக்க வேண்டிவரும் என்று ஒன்றும் விடவில்லை. பிளாக்டவுனில் டிக்கெட் போட்டுத் தந்த பயண முகவர், "கப்பல் வெளிக்கிடுற நாளிலை மட்டும் போய் இறங்காதேங்கோ, பிளேன் பிந்தினால் கப்பல் நிக்காது" என்றார். அந்த முட்டாள்தனத்தை நான் செய்வேனா என்று நினைத்துக்கொண்டேன். அதே முட்டாள்தனத்தைச் செய்யப்போவதாகத்தான் மச்சாளிடம் சொல்லியிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. பிளேன் எத்தனை மணிக்கு லண்டனில் இறங்கும் என்று மச்சாள் ஒருநாள் கேட்டபோதும், வாய்க்கு வந்தபடி எட்டு மணி என்று சொல்லிவைத்தேன்.

சாலிஸ்பரி நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. கற்களைப் பார்த்தேன். காற்று காதை அடைக்க, புல்லில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. அடுத்த நாள் பின்னேரம் எட்டு மணி, ஜூன் மாதத்து வெயில் ஜன்னலால் இன்னும் வந்துகொண்டிருந்தது. இவருடைய போன் அடித்தது. மச்சாள். நான் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"தம்பி, இப்ப சிட்னியிலை விடிய அஞ்சு மணியல்லோ? எழுப்பிப்போட்டனோ?"

இவர் வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லை அக்கா, முழிப்புத்தான்" என்றார். தன் அக்காவுக்கு அவர் சொன்ன முதல் பொய்யாக அது இருக்கலாம்.

"இண்டைக்குத்தானே வெளிக்கிடுறியள். பிளேன் பிந்தினால் கப்பலை விட்டுப்போடுவியள் எண்டு எனக்கு ரெண்டு கிழமையா நித்திரை இல்லை. சரி, அதை விடு. வெள்ளி விடிய நான் எயார்போட்டுக்கு வாறன். கோச் ஏற முதல் ஒரு மணித்தியாலம் இருக்கும்தானே? ஒரு இரவு காணாது தம்பி. சாப்பாடும் கட்டிக்கொண்டு வாறன்."

வரவேண்டாம் என்று இவர் சொன்னது எதையும் மச்சாள் காதில் வாங்கவில்லை. முழங்கால் வருத்தக்காரி, பஸ்ஸில் வருவாராம், வழி தெரியுமாம். போன் வைத்த பிறகு நாங்கள் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

"உண்மையைச் சொல்லிப்போடுவம்" என்றார் இவர்.

"இப்ப சொன்னால், நாங்கள் மூண்டு நாளா இஞ்சை நிக்கிறது தெரியும். தாங்குவாவோ?"

என்னிடம் இருந்தது வழக்கம்போல ஒரு பட்டியல்தான். சாலிஸ்பரியிலிருந்து சௌதாம்ப்டன் அரை மணி நேர ரயில். வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்கு, சௌதாம்ப்டனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு பெரிய சூட்கேசையும் இழுத்தபடி எதிர்த் திசை ரயிலில் ஏறினோம். நடுவில் இறங்கிப் பஸ் மாறி விமான நிலையம் போவது. அங்கே, அப்போதுதான் சிட்னியிலிருந்து வந்து இறங்கியவர்களாக மச்சாளுக்கு முன்னால் நிற்பது. அதற்குப் பிறகு கோச் பிடித்து வந்த வழியே திரும்பிச் சௌதாம்ப்டன் போவது. இப்படி ஒரு பயணத்தை எந்த முகவரும் போட்டுத் தரமாட்டார்.

பிளேனால் இறங்கியவர்கள் வெளியே வரும் வாசலால் எங்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. நாங்கள் தெருப்பக்கக் கதவால்தான் மண்டபத்துக்குள் வந்தோம். மச்சாள் அந்த வாசலைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் சப்பாத்து, கையில் ஒரு பெரிய பை. உட்காரக் கதிரைகள் இருந்தன. தம்பி வருவது தெரியாமல் போய்விடும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். கதவு திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் எட்டிப் பார்ப்பார், வேறு யாரோ என்றதும் திரும்பக் காலை மாற்றி வைத்து நிற்பார். எத்தனை மணிக்கு வந்தாரோ. எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு வயதில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"அக்கா" என்றார் இவர்.

மச்சாள் திரும்பினார். முதலில் முகம் முழுக்கச் சிரிப்பு, தம்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகுதான், "நான் வாசலையே பாத்துக்கொண்டு நிண்டனான், எதாலை வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"மற்றப் பக்கத்தாலை விட்டவை மச்சாள்" என்றேன்.

கதிரையில் இருந்து பையைத் திறந்தார். இடியப்பம், உருளைக்கிழங்குப் பிரட்டல், சம்பல், பிளாஸ்க்கில் தேத்தண்ணி. இவர் சாப்பிடத் தொடங்கினார். மச்சாள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே கையை நீட்டி இவருடைய சேட்டின் கை மடிப்பை இரண்டு விரலால் தடவினார்.

"இது பிளேனாலை வந்த சேட்டு இல்லை" என்றார்.

பாவி மனுஷன், விடிய நாலரைக்கு எழும்பி இஸ்திரி போட்டிருக்கிறார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் தோன்றவில்லை. இவர் வாயில் வைத்த இடியப்பத்தை விழுங்க முடியாமல் என்னைப் பார்த்தார்.

"என்ரை வேலைதான் மச்சாள்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாலிஸ்பரி, பாத், ஏழு நாள் கப்பல், விடிய ரயில். மச்சாள் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணியை ஊற்றி என்னிடம் தந்தார்.

"அந்தக் கல்லைப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"எப்பிடி இருந்தது?"

"பெரிசு அக்கா" என்றார் இவர், சின்னப் பிள்ளை மாதிரி.

மச்சாள் பயணிகள் வரும் அந்தக் கதவுப் பக்கம் திரும்பினார். "நாப்பத்திரண்டு வருஷமா இந்த நாட்டிலை இருக்கிறன். நான் இன்னும் பாக்கேல்லை. ஊரிலையிருந்து, கனடாவிலையிருந்து, உங்கை சிட்னியிலையிருந்து எண்டு வருஷம் முழுக்க ஆக்கள் வருவினம். என்ரை வீட்டிலை இருக்கத்தான் எல்லாருக்கும் விருப்பம் எண்டு நினைச்சுச் சமைச்சனான்." பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லியிருக்கலாமே பிள்ளை. நானும் வந்திருப்பன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை சனத்துக்கு நடுவில் தேத்தண்ணி மூடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மச்சாள், "கோச்சுக்கு நேரமாகுது, முகத்தைத் துடையுங்கோ" என்றார். கோச் புறப்படும்வரை வெளியே நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கோச் பெரிய தெருவுக்கு ஏறமுன் நான் பாத் வீட்டுக்காரிக்குப் போன் செய்தேன். மேல் மாடியில் ஒற்றைக் கட்டில் அறை ஒன்று இருக்கிறது, சின்னது, பரவாயில்லையா என்றார். பரவாயில்லை என்றேன். பிறகு மச்சாளுக்கு எடுத்தேன். பஸ்ஸில் இருந்தார். "எனக்கு என்னத்துக்கு இந்த வயசிலை" என்றார். கப்பலால் இறங்கும் அன்று பாத் ஸ்டேஷனில் வந்து கூட்டிப்போகிறோம் என்றேன். "அங்கை குளிருமோ? என்ன உடுப்புக் கொண்டு வாறது?" என்றார்.

நோர்வே அழகாகத்தான் இருந்தது. படங்கள் நிறைய இருக்கின்றன.

பாத் ஸ்டேஷனில் மச்சாள் வந்து இறங்கியபோது உடுப்புப் பையைவிடச் சாப்பாட்டுப் பை பெரிதாக இருந்தது. அன்று இரவு அந்த வீட்டில் எங்கள் தேநீர்க் கோப்பைகளைக் குளியலறையில் கழுவி வைத்தார். தடுக்க நான் போகவில்லை. அடுத்த நாள் கற்களைப் பார்க்க மூன்று பேருக்கும் பஸ் பதிந்திருந்தேன். எட்டரைக்கு வெளிக்கிடும், ஆளுக்காக நிற்காது. ஏழரைக்குச் சாப்பாட்டு மேசையில் சந்திப்பது என்று ஏற்பாடு.

ஏழே முக்காலுக்கும் மச்சாள் வரவில்லை. எனக்குப் பயம் பிடித்தது. மேலே ஏறிப் போய்த் தட்டினேன், பதில் இல்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. மெல்லத் திறந்தேன்.

மச்சாள் நித்திரை. ஒரு கை போர்வைக்கு வெளியே, வாய் கொஞ்சம் திறந்தபடி, நல்ல நித்திரை. அவர் வீட்டில் அத்தனை நாள் தங்கியிருக்கிறேன், அவர் படுத்திருந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் படுத்த பிறகுதான் படுப்பார், நாங்கள் எழும்ப முன் எழும்பிவிடுவார். எழுப்பக் கையை நீட்டினேன், பிறகு எடுத்துவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்தேன்.

இவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ரயிலில் நின்ற மாதிரி. எட்டு முப்பத்தொன்றுக்கு, "பஸ் போட்டுது" என்றார்.

"போகட்டும். நாளைக்கும் இருக்கு" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை அவர் நம்பவில்லை.

ஒன்பது இருபதுக்கு மச்சாள் அவசர அவசரமாகப் படியிறங்கி வந்தார், கொண்டையை முடிந்துகொண்டே. "ஐயோ பிள்ளை, நேரம் போட்டுது, ஒருத்தருக்கும் தேத்தண்ணி கூடப் போடேல்லை" என்று குசினி எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

நான் கதிரையை இழுத்து வைத்தேன். "இருங்கோ மச்சாள். கொண்டு வருவினம்."

அவர் கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார்.