பஸ் சுருதி

கீபோர்டில் ஒரே ஒரு சத்தத்தைக் கொண்டுவர வாரக்கணக்கில் உயிரை விட்டேன் என்று சொன்னால், நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில் சிரிக்கிறார்கள். "பட்டனத் தட்டுனா வரும்தானே அக்கா?" என்கிறாள் கவுண்டரில் என்னோடு உட்காரும் பெண். வராது. தட்டினால் வரும் என்றால் நான் ஏன் இப்படிக் கிடந்து மாய்கிறேன்?

ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாண விருந்துகளுக்குப் பாடுகிற குழு எங்களுடையது. குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் பாடுவார், நான் கீபோர்டு வாசிப்பேன், மேளதாளமெல்லாம் கீபோர்டுக்குள்ளேயே இருக்கிறது. நான் ஆயர் தாவார் ஊரின் சர்ச்சில் வாசித்துப் பழகியவள். அவர் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பகலில் ஏர்கோன் ரிப்பேர், சனி ஞாயிறில் பாட்டு. ஏர்கோனைத் திறக்காமலேயே, சத்தத்தைக் கேட்டு எது கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவ்வளவு காது.

அந்தக் காதில்தான் போன வருடம் ஆபரேஷன் நடந்தது. இடது காதுக்குள் ஒரு கட்டி. எடுத்துவிட்டார்கள், நல்லபடியாகவே எடுத்தார்கள். ஆனால் அந்தப் பக்கம் கேட்பது பாதியாகக் குறைந்துவிட்டது. டாக்டர் வேறொன்றும் சொன்னார்: சிலருக்கு இதற்குப் பிறகு சுருதி கொஞ்சம் மாறிக் கேட்கலாம், போகப்போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'காது' என்ற சொல் கிடையாது. ஊசிக் காதைக்கூட 'ஓட்டை' என்றுதான் சொல்வேன். மனிதர் பாடுவதையும் நிறுத்திவிட்டார். வருகிற கல்யாணத்தையெல்லாம் வேறு குழுக்களுக்குத் தள்ளிவிட்டோம்.

அப்போதுதான் என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, மகளுக்குக் கல்யாணம் வைத்தாள். "அண்ணன் பாடாம என் வீட்டுல கல்யாணமா? சின்ன வயசுல பாடுவாருல்ல, அந்தப் பாட்டப் பாடச் சொல்லுங்க அண்ணி. வேற ஒண்ணும் வேணாம்" என்று ஒரே பிடிவாதம். எந்தப் பாட்டு என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் போனில் தேடிக் கேட்டுவிட்டு, நான் செய்த சத்தத்தில் குறை சொல்வீர்கள்.

அவர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "இத சரியாப் பாடிட்டேன்னா தொடர்ந்து பாடுறேன். முடியலன்னா மைக்கு, ஸ்பீக்கர் எல்லாத்தையும் வித்துருவோம். இத்தோட போதும்." அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை. பாட்டை நிறுத்திய அந்த வருடத்தில் வீட்டில் எப்படி இருந்தார் என்று எனக்குத்தான் தெரியும். சோறு போட்டால் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். மனிதர் மறுபடி அப்படி ஆகிவிடக் கூடாது.

இதுவரை நாங்கள் அந்தப் பாட்டை மேடையில் தொட்டதே இல்லை. காரணம் அந்தத் தொடக்கச் சத்தம். வேறு எந்த வாத்தியமும் இல்லாமல் ஒரு சின்தசைசர் மட்டும் வரும். வயலினும் இல்லை, குழலும் இல்லை. சளி பிடித்த தொண்டையோடு யாரோ ஊதுகிற மாதிரி. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு சட்டென்று நின்றுவிடும். மூச்சு விடுகிற நேரத்துக்கு ஒன்றுமே இருக்காது. அந்த அமைதியில் பாடகர் தனியாக முதல் வரியை எடுக்க வேண்டும். வரி முடிந்த பிறகுதான் மற்ற வாத்தியங்கள் வந்து சேரும். எங்கள் பழைய கீபோர்டில் இதற்கு வழியே இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கிய புதியதில் சத்தத்தை நாமே அடியிலிருந்து கட்டலாம்.

கட்டினேன். கரகரப்பான ஓர் அலையை எடுத்து, அதன்மேல் அதையே இன்னொரு தடவை வைத்து, இரண்டாவதை மயிரிழை விலக்கினேன். சத்தம் தடித்தது. மேல்பக்கக் கீச்சொலியை மூடினேன். ரொம்ப மூடினால் கம்பளிக்குள் இருந்து பேசுவது போல் இருந்தது, திறந்தால் கொசு. வழுக்கலுக்கு ஒரு நாள் போனது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போனில் பாட்டைப் போட்டு, ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் நான் என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். அடுப்பில் பருப்பு தீய்ந்தது. கடைசியில் எது ஒரிஜினல், எது நான் என்று எனக்கே தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து ஹாலில் ஒத்திகை. வாசித்தேன். அவர் முகம் சுருங்கியது.

"எறங்கி இருக்குலா. கொஞ்சம் ஏத்து."

"ஏத்துறதுக்கு இது என்னா லோரியா? சரியாத்தான் இருக்கு."

"அது மட்டும் இல்ல. அந்தச் சத்தம் ஆடும். ஊ ஊன்னு ஆடிக்கிட்டே வரும். நீ வாசிக்கிறது கட்டையாட்டம் நிக்கிது."

"ஒரிஜினல்ல ஆட்டமே இல்லங்க."

மறுபடி வாசித்தேன். அவர் முதல் வரியை எடுத்தார். வரி முடிந்து நான் கையை வைத்தேன், கர்ணகொடூரம். அவர் குரல் என் சுருதிக்கு மேலே எங்கேயோ நின்றது. ஒரு கட்டைகூட முழுசாக இல்லை, இரண்டு கட்டைகளுக்கும் நடுவில். அன்று குரலைப் பழக்கப் பாடிப் பார்த்த மற்ற பாட்டுகளில் இந்தத் தகராறு வரவில்லை. அவற்றில் நான் கூடவே வாசித்துக்கொண்டிருப்பேன், அவர் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். இதில் தனியாக நிற்கிற அந்த ஒரு வரியில் மட்டும் விலகிப் போகிறார். எத்தனை தடவை எடுத்தாலும் அதே விலகல்.

சரி, ஒரிஜினலையே கேட்கட்டும் என்று போனில் பாட்டைப் போட்டேன். தலையைச் சாய்த்து, நல்ல பக்கத்தைக் கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இதுவும் எறங்கித்தான் கேக்குது எனக்கு."

டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அதை யார் வாயால் சொல்வது? கீபோர்டுக்குத் துணியைப் போர்த்தினேன். அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

சமைக்கிற தெம்பு இல்லை. வழக்கமாகப் போகிற கடைக்குப் போனோம். அந்தக் கடைக்காரர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், என் வீட்டுக்காரரோடு ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர். அவருடைய வாப்பா தோட்டத்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்தார். மகன் ஈப்போவுக்கு வந்து சாப்பாட்டுக் கடை போட்டுவிட்டார். காரை நிறுத்தியதும் வீட்டுக்காரர், "நீ போ, தங்கச்சிக்குப் போன் போட்டு பாட்டு வேணாம்னு சொல்லிட்டு வாரேன்" என்றார். அவரோடு மல்லுக்கட்ட என்னிடம் தெம்பில்லை. இறங்கிப் போனேன்.

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "என்னா தங்கச்சி, மூஞ்சி செத்துக் கெடக்கு? மச்சான் எங்க?"

"கார்ல இருக்காரு. கல்யாணத்துல பாட மாட்டேன்னு சொல்லப் போறாரு."

"எந்தப் பாட்டு?"

சொன்னேன்.

"அலாமாக்! அந்தப் பாட்டா?" என்றவர், டீயை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டே வாயால் அந்தத் தொடக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார். ஊ... ஊ... ஊ... தொண்டையை ஆட்டி ஆட்டி.

ஆட்டி!

"அண்ணே, ஏன் ஆட்டுறீங்க?"

"அது அப்படித்தான்லா இருக்கும்."

போனில் சுருதி பார்க்கிற ஆப்பைத் திறந்தேன். "டீய கீழ வைங்கண்ணே. இன்னொரு தடவ பாடுங்க. முதல் வரியும் சேத்து." அவர் பாடினார். முள் இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் போய் நின்றது. வீட்டில் என்னை அழவைத்த அதே இடம்.

"இந்தப் பாட்ட எங்க கேட்டீங்க?"

"எங்கன்னா? நம்ம பள்ளிக்கூட பஸ்லதான். டிரைவர் அண்ணே ஒரு கேசட்டு போட்டாரு, அது உள்ளயே மாட்டிக்கிச்சு. வெளிய வரவே இல்ல. நாங்க கடைசி வருஷம் எஸ்பிஎம் பரீட்ச எழுதி முடிக்கிற வரைக்கும் அதே கேசட்டுதான். அந்த ரேடியோ கொஞ்சம் வெரசா ஓடும். எஞ்சின் முக்குனா அது அழுவும். செம்மண் ரோட்டுல எறங்குனா இன்னும் ஆடும். சூப்பரா இருக்கும்லா!"

வேகமாக ஓடினால் சுருதி ஏறும். அவ்வளவுதான் விஷயம். நான் டீயை அப்படியே விட்டுவிட்டுக் காருக்கு ஓடினேன். சீட்டில் சாய்ந்து வலது பக்கம் போனை வைத்திருந்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது, நாத்தனார் இன்னும் எடுக்கவில்லை. ஆண்டவருக்குத் தோத்திரம்.

"கட் பண்ணுங்க! முதல் வரியப் பாடுங்க."

"பைத்தியமா ஒனக்கு?"

"பாடுங்கன்னு சொல்றேன்ல!"

என் கத்தலுக்குப் பயந்து, கடுப்போடு, பாதிக் குரலில் பாடினார். கடைக்காரர் பாடிய அதே இடத்தில், மயிரிழை பிசகாமல் முள் நின்றது. போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஒரு வருடமாக எங்கள் வீட்டில் இல்லாத அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"உங்க காது நல்லா இருக்குங்க. கெட்டுப்போனது அந்த பஸ்ஸு."

பஸ் கதையைச் சொன்னேன். புரிந்ததும் ஸ்டீயரிங்கை ஓங்கித் தட்டினார். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு எப்போதாவது ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தபோதெல்லாம், வேறு யாரோ திருப்பிப் பாடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். சொல்லும்போதே சிரித்தார், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. கேட்பது குறைவுதான், அது குறைவாகவே இருக்கும். ஆனால் கேட்கிறது சரியாகக் கேட்கிறது. அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து நானும் நன்றாக அழுதேன். டீ ஆறிப்போய்விட்டதென்று அண்ணன் வாசலில் இருந்து கத்திக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்தது எனக்குப் பிடிக்காத வேலை. பார்த்துப் பார்த்துச் செய்த சத்தத்தை உட்கார்ந்து கெடுக்க வேண்டும். அவரைக் கீழே இழுக்கலாம்தான். எதற்கு இழுக்க வேண்டும்? எங்கள் குழுவில் இருப்பதே ஒரு கீபோர்டு, அதை ஏற்றினால் முடிந்தது. மொத்தச் சுருதியையும் ஏற்றினேன். ஆட்டம் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரே மாதிரி ஆடக் கூடாதுலா, அங்கங்க முக்கணும்" என்றார். "இன்னும் கொஞ்சம் கெடு" என்றார். "நல்லா இருக்கிறதக் கெடுக்கச் சொல்ற ஒரே மனுஷன் நீங்கதான்" என்று திட்டிக்கொண்டே கெடுத்தேன். ஓர் இடத்தில் அவர் கண்ணைத் திறக்காமலேயே பஸ் சீட்டில் உட்கார்ந்து குலுங்குகிறவர் போலத் தோளை ஆட்டினார். அதுதான் சத்தம் என்று கையை எடுத்துவிட்டேன். சத்தத்தைச் சேமிக்கும்போது பெயர் கேட்டது. கீபோர்டுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பள்ளிக்கூட பஸ் என்பதை மலாயில் 'பஸ் செகோலா' என்று போட்டேன்.

கல்யாண விருந்து செமோரில் ஒரு மண்டபத்தில். தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள், இப்போது வேறு வேறு ஊரில் இருப்பவர்கள். கேக் வெட்டிய பிறகு அவர் மைக்கைப் பிடித்தார். வாசித்தேன். சத்தம் அழுதுகொண்டே வழுக்கிப் போய் நின்றது. அந்த அமைதி வந்தது. என் விரல்கள் கட்டைக்கு மேலே காத்திருந்தன.

அவர் எடுத்தார். தனியாக எடுக்க வேண்டிய வரிதான், ஆனால் தனியாக எடுக்க விடவில்லை. நாத்தனார் மேஜையிலிருந்து ஒரு குரல் வந்தது. கடைக்கார அண்ணன் எழுந்து நின்றார். பின்வரிசையில் தாடி நரைத்தவர்கள், இடுப்பில் பேரப்பிள்ளையை வைத்திருந்தவர்கள், அந்த பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் முதல் வரியைப் பாடினார்கள். ஒருவர்கூட ஒரிஜினல் சுருதியில் பாடவில்லை. வரி முடிந்தது, நான் கையை வைத்தேன். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கடவுளே, என்ன நிம்மதி! மீதிப் பாட்டை அவர் சிரித்துக்கொண்டேதான் பாடினார்.

கைதட்டல் அடங்குவதற்குள் மண்டபத்து சவுண்டு ஆள் மேடைக்கு வந்து, என்னிடம் மரியாதையாகக் குனிந்து சொன்னார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க கீபோர்டு ட்யூன் ஓடியிருக்குலா. ஒரிஜினல விட ஏறி இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் திரும்பினார். கையில் மைக்கு, அணைக்கவில்லை.

"தம்பி, எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. நீ வேணும்னா ஒரு தடவ போயி டாக்டரப் பாத்துட்டு வா."

மண்டபம் முழுக்கக் கேட்டது.